கணக்கு காட்டும் ரீல்: கையில் இருக்கும் காசுக்கு எதை நம்பி வாங்குவது?

கேள்வி: "அண்ணே, பூவாறு பக்கம் ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருக்கிறேன், 9.9 குதிரைத்திறன் எஞ்சின். பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஓரமாக வள்ளத்தை ஓட்டிக்கொண்டே பொய்மீன் இழுத்து நெய்மீன் பிடிக்கிறோம். தங்கூசி (தூண்டில் நரம்பு) எவ்வளவு விட்டோம் என்று தெரியாததால் ஒரு நாள் கிடைக்கிறது, மறுநாள் அதே இடத்தில் ஒன்றும் இல்லை. விட்ட நீளத்தை எண்ணிக் காட்டும் லைன் கவுண்டர் உள்ள ட்ரோலிங் ரீல் இரண்டு வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் முடியாது. எது உழைக்கும்? பேட்டரி போட்டது நல்லதா? பழையது வாங்கலாமா?"

தம்பி, முதலில் நேரடியான பதில். பேட்டரி வேண்டாம். பல்சக்கரத்தில் ஓடும் சாதா கவுண்டர் போதும். ரீலின் சட்டம் (உடல்கூடு) கிராஃபைட்டாக இருக்கட்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவில் இரண்டு வாங்கு. கடைசியாகச் சொன்ன இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு ரீலில் காசை மிச்சம் பிடித்து இன்னொன்றை உயர்ந்ததாக வாங்கலாம் என்ற எண்ணம் வந்தால் அப்போதே விட்டுவிடு. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பெயர் வேண்டுமானால், கீழ்ப்படியில் ஒகுமா மாக்டா ப்ரோ, டாய்வா அக்யூடெப்த். அதற்கு அடுத்த படியில் ஒகுமா கன்வெக்டர், டாய்வா சீலைன் எஸ்ஜி. அதற்கும் மேலே ஷிமானோ டெக்கோட்டா மாதிரி இருக்கின்றன, அவை உன் கணக்குக்குள் வராது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் கூரியர் காசும் சேர்ந்து விலை வேறு எங்கோ போய் நிற்கும். அதனால் இங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிகிற மாடலையே தேர்ந்தெடு. கெட்டால் வாஷர், ஸ்பிரிங், பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் காசை எடுக்காதே.

ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன், உன் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள் வரும் தடையை "ட்ரோலிங் நிரோதனம்" என்றுதான் சொல்கிறார்கள். அங்கே சொல்லப்படுவது இழுவை மடி. விசைப்படகு அடித்தரையில் வலையை இழுத்துப் போகும் தொழில் அது. நாம் பேசுவது தூண்டிலில் பொய்மீன் கட்டி வள்ளத்தின் பின்னால் ஓடவிடுவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம், அது நம் வாயில் ஒன்றாகிவிட்டது. தமிழ்நாட்டின் இந்த மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, அதுவும் விசைப்படகுக்குத்தான். கடையில் போய் "ட்ரோலிங் ரீல்" என்று கேட்டால் இழுவைப் படகின் வின்ச்சைக் காட்டிய ஆளும் உண்டு. "லைன் கவுண்டர் ரீல்" என்றே கேள்.

சரி, கவுண்டர் எதை எண்ணுகிறது? பெட்டியில் அடி என்று போட்டிருக்கும். உண்மையில் அது அடியை எண்ணுவதே இல்லை. ஸ்பூல், அதாவது தங்கூசி சுற்றியிருக்கும் உருளை, எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை மட்டும் எண்ணுகிறது. ஸ்பூலின் அச்சில் ஒரு சிறு பல்சக்கரம், அதிலிருந்து இன்னொன்று, கடைசியில் எண் எழுதிய மூன்று சிறு உருளைகள். இவ்வளவுதான். ஸ்பூல் விளிம்புவரை நிறைந்திருந்தால் ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம் போகும் என்று கம்பெனி ஒரு கணக்கு வைத்துப் பல்சக்கரத்தை அமைத்திருக்கிறது. ஸ்பூல் அந்த அளவுக்கு நிறையவில்லை என்றால் எண் பொய்யாகிவிடும்.

எவ்வளவு பொய் என்று பார். நிறைந்த ஸ்பூலின் குறுக்களவு 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 188 மில்லிமீட்டர் தங்கூசி போகும். நீ காசு மிச்சம் பிடிக்க ஸ்பூலை 45 மில்லிமீட்டர் வரைதான் நிறைத்தாய் என்றால் ஒரு சுற்றுக்கு 141 மில்லிமீட்டர்தான் போகும். கவுண்டர் 100 காட்டும்போது வெளியே போயிருப்பது 75 அடிகூட இருக்காது. விட விட ஸ்பூல் இன்னும் மெலியும், வித்தியாசம் இன்னும் கூடும். பத்தாயிரம் ரூபாய் ரீலுக்கும் முப்பதாயிரம் ரூபாய் ரீலுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். விலை கூடியதால் கவுண்டர் அதிக உண்மை பேசும் என்று எதிர்பார்த்து ஏமாறாதே.

அப்படியானால் எதற்கு அது? நம் அப்பன்மார் கணிச்சம் பார்த்துத்தானே பார் பிடித்தார்கள். கரையில் ஒரு மலை உச்சியும் ஒரு பள்ளிக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்தால் ஒரு திசை. இன்னொரு பக்கம் இரண்டு அடையாளம் சேர்ந்தால் இன்னொரு திசை. இரண்டும் வெட்டும் இடத்தில் பார். அங்கிருந்து கரை எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்டதில்லை. நாளைக்கும் அதே இடத்துக்குத் திரும்பி வர முடியுமா, அதுதான் கேள்வி. கவுண்டரும் கணிச்சம்தான். 90 என்ற எண் நிஜத்தில் 90 அடியா 78 அடியா என்பது நெய்மீனுக்குத் தெரியாது, உனக்கும் தெரிய வேண்டியதில்லை. இன்று 90-இல் அடித்தது என்றால், அடுத்த சுற்றில் இரண்டு தூண்டிலையும் 90-இல் நிறுத்த முடிகிறதா என்பதுதான் விஷயம்.

அதனால்தான் ஒரே மாடலில் இரண்டு வாங்கச் சொல்கிறேன். இரண்டு ரீலிலும் ஒரே தடிமன் தங்கூசி, ஒரே உயரத்துக்கு நிறைப்பு இருந்தால் இந்த ரீலின் 90-ம் அந்த ரீலின் 90-ம் ஒன்று. வேறு வேறு மாடல் என்றால் ஒன்றின் 90 இன்னொன்றில் 105 ஆகலாம், 80-ம் ஆகலாம். வள்ளத்தில் ஆடிக்கொண்டு அந்தக் கணக்கை மனதில் போட முடியாது. நான் முதலில் வாங்கிய இரண்டும் இரண்டு ஜாதி. ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பக்கத் தூண்டிலில் மட்டும் மீன் அடித்தது. பொய்மீனின் நிறம் காரணம் என்று நினைத்து நிறம் நிறமாக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் கரையில் நீட்டி அளந்தபோது ஒரே எண்ணுக்கு இரண்டுக்கும் நடுவே மூன்று பாகம் வித்தியாசம். ஒரு பாகம் ஆறு அடி என்று வைத்தால் பதினெட்டு அடி. பாரின் தலைக்கு மேலே ஓடும் பொய்மீனுக்கும் பாரின் ஓரத்தில் இறங்கி ஓடும் பொய்மீனுக்கும் இடையில் இருப்பது அந்த வித்தியாசம்தான்.

இன்னொன்றையும் மனதில் வை. கவுண்டர் காட்டுவது ஆழம் அல்ல, வெளியே போன தங்கூசி. வள்ளம் ஓடும்போது தங்கூசி சாய்ந்து பின்னால் போகும். நூறு அடி விட்டால் பொய்மீன் நூறு அடி ஆழத்தில் இருக்காது, பல நேரம் அதில் கால்வாசிகூட இருக்காது. வாயில் பெரிய நாக்கு வைத்த முங்கும் பொய்மீன் எவ்வளவு இறங்கும் என்பது விட்ட நீளத்தையும் தங்கூசியின் தடிமனையும் பொறுத்தது. மெல்லிய தங்கூசி தண்ணீரை எளிதாக அறுத்துக்கொண்டு போகும், அதனால் அதே நீளத்துக்கு ஆழமாக இறங்கும். தடித்தது மேலே தூக்கும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு விட்டாலும் இறங்காது, தங்கூசியின் இழுவையே பொய்மீனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நேர்கீழே ஈயம் கட்டி விளமீனுக்கோ கலவாவுக்கோ இறக்கும்போதுதான் கவுண்டர் ஆழத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். அந்த வேலைக்கும் இதே ரீல் உதவும், அது கூடுதல் லாபம்.

இப்போது நம்பகம். இந்த ஜாதி ரீல்கள் பிறந்து வளர்ந்தது அமெரிக்கா, கனடா எல்லையிலுள்ள பெரிய ஏரிகளில், சால்மன், வால்ஐ (walleye) ஆகிய மீன்களைப் பிடிக்க. அது நன்னீர். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் உப்புக் காற்றும் உப்புத் தெறிப்பும் அவற்றுக்கு வந்து சேர்ந்த சோதனைதான். என் திண்ணைக்கு வரும் கெட்ட ரீல்களில் மீன் இழுத்து உடைந்தது அரிது. பெரும்பாலானவற்றை உப்புதான் தின்றிருக்கும்.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்ததைச் சொல்கிறேன். வாங்கி எட்டு மாதம். கவுண்டர் 37-க்கும் 38-க்கும் நடுவே பாதி உருண்டு நின்றுவிட்டது. ரீசெட் பொத்தானை அமுக்கினால் முதல் இரண்டு உருளை சுழிக்கு (பூஜ்யத்துக்கு)ப் போகிறது, மூன்றாவது அசையவில்லை. மேல்மூடியின் நான்கு திருகாணியில் மூன்று வந்தது, நான்காவது தலை வழுக்கிவிட்டது. எப்படியோ திறந்தேன். உள்ளே உருளைகளின் இடுக்கில் பச்சரிசி மாவு தூவியது போல உப்பு பூத்திருந்தது. பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல்கூட தேயவில்லை. உருளைகளைக் கோத்திருந்த ஊசி போன்ற இரும்புக் கம்பி மட்டும் துரு ஏறி வீங்கியிருந்தது. அதில் மூன்றாவது உருளை ஒட்டிக்கொண்டது. நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கம்பியை எமரித் தாளில் உரசி, ஒரு துளி எண்ணெய் விட்டதும் ஓடியது. ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அவர் அந்த ரீல் போனது என்று முடிவு கட்டி வேறொன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இதிலிருந்து வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பது தெரிகிறது அல்லவா? கவுண்டரின் மேல்மூடியைச் சாதாரண திருகுளியால் திறக்க முடிகிறதா பார். ஒட்டிச் சீல் வைத்தது என்றால் உள்ளே போகும் ஈரம் வெளியே வர வழியில்லை, உன்னால் திறக்கவும் முடியாது. பேட்டரி வேண்டாம் என்று சொல்வதும் இதற்குத்தான். டிஜிட்டல் கவுண்டர் நல்லதுதான், எண் பெரிதாகத் தெரியும், சிலவற்றில் ஸ்பூலின் நிறைப்பை நாமே பதிந்து திருத்தலாம். ஆனால் மலிவு விலையில் வருவனவற்றில் ரப்பர் வளையம் ஒரு வருடத்தில் இறுகிப் போனால் ஓர் அலைத் தெறிப்பில் திரை இருண்டுவிடும். பல்சக்கரம் கெட்டால் நான் திண்ணையில் உட்கார்ந்து சரி செய்வேன். சர்க்யூட் பலகை பச்சை பூத்தால் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

சட்டம் பற்றி. அலுமினியச் சட்டம் விறைப்பாக இருக்கும், பெரிய மீன் இழுத்தால் வளையாது. ஆனால் அலுமினியமும் ஸ்டீல் திருகாணியும் உப்பு நீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்துத் திருகாணி இறுகிவிடும். நல்ல பூச்சுள்ள விலை கூடிய ரீலில் இது குறைவு, மலிவான அலுமினியத்தில் சீக்கிரம் வரும். கிராஃபைட் என்று சொல்வது நார் சேர்த்த பிளாஸ்டிக்தான். அது துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் மிகப் பெரிய இழுப்பில் கொஞ்சம் நெளியும், நெளிந்தால் பல்சக்கரங்கள் சரியாகக் கவ்வாது. நீ பிடிப்பது ஐந்து, எட்டு, எப்போதாவது பதினைந்து கிலோ நெய்மீன், சூரை, பாரை. அதற்குக் கிராஃபைட் தாங்கும். பெரிய கேரைக்கும் மயில்மீனுக்கும் போகிறேன் என்றால் அது வேறு பேச்சு, அந்த வேலைக்குக் கவுண்டர் ரீலே பொருத்தமில்லை.

டிராக்கில், அதாவது மீன் இழுக்கும்போது தங்கூசியை இறுக்கம் குறையாமல் விட்டுக்கொடுக்கும் பிடியில், கஞ்சத்தனம் வேண்டாம். நெய்மீன் அடித்த முதல் ஓட்டம்தான் எல்லாமே. அந்த ஓட்டத்தில் டிராக் திக்கித் திக்கிப் பிடித்தால் தங்கூசி அறும், இல்லாவிட்டால் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வாஷர் கார்பன் நாரா ஃபெல்ட்டா என்று கேள். ஃபெல்ட் நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் ஒட்டும். கார்பன் அப்படி இல்லை, சூட்டையும் தாங்கும். கன்வெக்டரில் கார்பன் வாஷரே வருகிறது, அந்த மாடலை நான் ஒரு படி மேலே வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கித் தங்கூசியைக் கையால் மெதுவாக, ஒரே சீராக இழுத்துப் பார். வேகமாக இழுத்தால் குறை தெரியாது. மெதுவாக இழுக்கும்போது விட்டு விட்டு வந்தால் வைத்துவிட்டு வா.

பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச டிராக் எண்ணைப் பார்த்து மயங்காதே. 30 பவுண்டு தங்கூசி என்றால் ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோ தாங்கும். அதில் கால்பங்கிலிருந்து 30 சதவீதத்துக்குள், அதாவது மூன்றரை, நான்கு கிலோவில்தான் டிராக்கை வைக்க வேண்டும். மீன் எடை போடும் கொக்கித் தராசைத் தங்கூசியில் மாட்டி இழுத்து வை. விரலால் நிதானித்து வைத்தது போதும் என்பவர்கள் ஒரு தடவை தராசில் போட்டுப் பார்த்தால் அசந்து போவார்கள்.

பேரிங் எத்தனை என்று கேட்டுக் காசைக் கூட்டாதே. தூர வீசும் ரீலுக்கு அது முக்கியம், வள்ளத்தின் பின்னால் விட்டு இழுக்கும் ரீலுக்கு இரண்டு மூன்று நல்ல பேரிங் தாராளம். கியர் விகிதம் நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் நல்லது. முங்கும் பொய்மீனை அதிவேக ரீலில் சுருட்டினால் கை வலிக்கும்.

தங்கூசியை ஸ்பூலில் அடுக்கும் வழிகாட்டியைக் கவனி. இடமும் வலமும் ஓடும் அந்தச் சிறு வளையத்துக்குக் கீழே ஒரு மரையோடிய தண்டு, அந்த மரைக்குள் ஒரு சிறு நாக்கு. இந்தக் கவுண்டர் ரீல்களில் கவுண்டருக்கு அடுத்தபடியாகக் கெடுவது அந்த நாக்குதான். மணலும் உப்பும் மரைக்குள் போனால் அது தேய்ந்துவிடும், வழிகாட்டி ஓர் ஓரத்தில் நின்றுவிடும், தங்கூசி அங்கேயே மலையாகக் குவியும், கவுண்டரும் தப்பாகக் காட்டும். அந்த நாக்கு தனியாகக் கிடைக்கிற மாடலாக வாங்கு, வாங்கும் நாளிலேயே ஒன்று கூடுதலாகப் போட்டு வை. தீப்பெட்டியில் அடங்கும் சாமான் அது.

மீன் தங்கூசியை இழுத்ததும் சத்தம் போடும் கிளிக்கர் பலமாக ஒலிக்க வேண்டும். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே! கடையில் அமைதியாக இருக்கும், அங்கே சத்தமாகத் தோன்றுவது கடலில் கேட்காது. பிளாஸ்டிக் நாக்கு வைத்த கிளிக்கர் சீக்கிரம் மழுங்கும்.

வாங்கி வந்த அன்று சாயங்காலம் செய்ய வேண்டியது இது. இரண்டு ரீலிலும் அடியில் மலிவான தங்கூசி சுற்று, மேலே உன் நல்ல தங்கூசியோ பிரெய்டு என்ற பின்னல் நூலோ. பிரெய்டு மெலிதாக இருப்பதால் அதை மட்டுமே வைத்து ஸ்பூலை நிறைக்கப் பெரும் காசு ஆகும், தவிர வெறும் ஸ்பூலில் பிரெய்டு வழுக்கிச் சுற்றும். விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் குறைய நிறுத்து. இரண்டிலும் அதே உயரம், ஸ்கேல் வைத்துப் பார். அப்புறம் தென்னந்தோப்பிலோ கடற்கரையிலோ நூறு அடி அளந்து இரண்டு முளை அடி. முனையை ஒரு முளையில் கட்டி, ரீலைச் சுழியில் வைத்து நடந்து போ. மற்ற முளைக்கு வரும்போது எண் என்ன? 108 என்றால் 108. எழுதி வை. சுருட்டி, திரும்ப நட. இரண்டாம் முறையும் 107, 108, 109-க்குள் வந்தால் அது நல்ல ரீல். முதல் முறை 108, அடுத்து 100, அப்புறம் 113 என்று ஆடினால், அதற்கு என்ன விலை கொடுத்திருந்தாலும், மறுநாளே கடைக்குத் திருப்பிக் கொடு. எத்தனை தடவை நடந்தாலும் ஒரே எண் வருவதுதான் நான் நம்பகம் என்று சொல்வது.

கடலில் ரீசெட் பொத்தானை எப்போது அமுக்குகிறாய் என்பதும் ஒரே மாதிரி இருக்கட்டும். பொய்மீன் தண்ணீரைத் தொடும்போது என்றால் எப்போதும் அப்போது. நீ ஒரு மாதிரியும் உன் கூட்டாளி ஒரு மாதிரியும் செய்தால் கம்பின் நீளம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடும். மீன் அடித்ததும் கைப்பிடிக்குப் போகும் முன் எண்ணைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கவுண்டர் எண்ணும் எஞ்சின் வேகமும் சேர்ந்துதான் கணிச்சம். ஒரே 90, வேகம் மாறினால் வேறு ஆழம். ஒரு ரீலில் ஐம்பது மீட்டர் அறுந்து போனால் அன்று முதல் இரண்டின் எண்ணும் பொருந்தாது. அறுந்ததற்கு ஈடாகக் கட்டி நிறைக்க வேண்டும், இல்லையென்றால் மற்றதிலும் அதே அளவு வெட்டி எடுத்துச் சமப்படுத்த வேண்டும். வெட்ட மனசு வராது, தெரியும். ஆனாலும் செய். நெய்மீன் பல்லுக்குக் கம்பி கட்டாமல் போனால் இந்த வேலை வாரம் ஒருமுறை வரும்.

கரைக்கு வந்ததும் கழுவுவதில் ஒரு முறை உண்டு. டிராக்கை முழுக்க இறுக்கிவிட்டுக் கழுவு, அப்போது வாஷருக்குள் தண்ணீர் போகாது. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சாதே, அது உப்பை உள்ளே தள்ளும். மேலிருந்து மழை போல மெதுவாக ஊற்று. கவுண்டரை ஓடவிட்டுக்கொண்டே ஊற்றினால் உருளை இடுக்கில் இருக்கும் உப்பும் கரையும். துடைத்து நிழலில் காயவிட்டு டிராக்கைத் தளர்த்தி வை. இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். மரைத் தண்டுக்கு வாரம் ஒரு துளி எண்ணெய். கவுண்டர் கண்ணாடியைப் பெட்ரோலால் துடைத்துவிடாதே, பிளாஸ்டிக் மங்கி எண்ணே தெரியாமல் போகும். புது ரீல் வந்ததுமே வெளித் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் தொட்டுத் திரும்பப் போட்டால் ஆறு மாதம் கழித்து அது வழுக்காமல் வரும்.

இவ்வளவுக்கும் காசு இப்போது இல்லை என்றால் காத்திருக்கவும் வேண்டாம். ஜப்பான் பாணியில் பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பிரெய்டு கிடைக்கிறது. உன்னிடம் இருக்கும் சாதா ரீலில் அதைச் சுற்றினால் தங்கூசியே கவுண்டர். இரண்டு நீலம், ஒரு சிவப்பு போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளலாம். அதற்கும் கீழே, வழிகாட்டி உள்ள ரீல் இருந்தால் அது ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக எவ்வளவு தங்கூசி விடுகிறது என்று ஒரு தடவை அளந்துவிட்டு, கடலில் அது ஓரத்துக்கு ஓரம் ஓடுவதை எண்ணு. எட்டு ஓட்டத்தில் மீன் அடித்தது என்றால் அடுத்ததும் எட்டு. கம்பில் மாட்டும் தனிக் கவுண்டரும் உண்டு. தங்கூசி ஒரு சிறு சக்கரத்தை உருட்டிப் போகும், அதனால் ஸ்பூல் நிறைப்பு எப்படி இருந்தாலும் நீளத்தை நேராக அளக்கும். ஆனால் ஈரமான பிரெய்டு அந்தச் சக்கரத்தில் வழுக்கிவிடுகிறது, நான் அதிகம் சிபாரிசு செய்வதில்லை. வெயிலில் நிறம் வெளுக்கும் என்பதைத் தவிர நிற பிரெய்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல்மட்டத்தில் சூரைக்கு மட்டும் இழுக்கிறாய் என்றால் கவுண்டரே தேவையில்லை, அலை எண்ணியே விட்டுவிடலாம்.

பழையது வாங்கலாமா என்று கேட்டாய். ஜோடியாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஒற்றை ரீல் மலிவாக வந்தால் அதே மாடலில் இன்னொன்று கிடைக்கும் என்று உறுதியான பிறகு கை வை. பார்க்கும்போது எண்ணை 000-த்திலிருந்து 999 வரை ஓட்டிப் பார். பத்து தாண்டும்போதும் நூறு தாண்டும்போதும் உருளைகள் தயங்குகிறதா என்று கவனி, அங்கேதான் ஒட்டும். ரீசெட் ஒரே அமுக்கில் மூன்றையும் சுழிக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பிடித்திருந்தால் ஏற்கெனவே ஈரம் போயிருக்கிறது. கைப்பிடியைப் பின்னால் தள்ளிப் பார், அரைச் சுற்று ஆடினால் உள்ளே பேரிங் போய்விட்டது. பக்கத் தட்டுத் திருகாணியின் தலையைப் பார். வழுக்கிய தலை என்றால் தெரியாத கை திறந்திருக்கிறது. வெள்ளைப் பொடி பூத்த தலை என்றால் யாருமே திறக்கவில்லை. அந்த இரண்டாவது வகையை விலை குறைத்துக் கேட்டு வாங்கி வா. கன்னியாகுமரி மாவட்டம் நீரோடியில் படகு ஏற்றும் இடத்துக்கு மேலே வலப்பக்கம் மூன்றாவது வீடு, திங்கள்கிழமை தவிர எல்லா நாளும் சாயங்காலம் திண்ணையில்தான் இருப்பேன். சேர்ந்து திறந்து பார்த்துவிடலாம்.